உரிந்துபோன ஹெக் 293 செல்கள்

ஊடகத்தை, அதாவது செல்கள் வளரும் ஊட்டத் திரவத்தை, மாற்றும்போதெல்லாம் ஆய்வகத்தில் வளர்க்கும் ஹெக் 293 என்ற மனிதச் சிறுநீரகச் செல்கள் வளர்ப்புத் தட்டிலிருந்து தோல்போல உரிந்து மிதந்தன. நான்கு நாள் வீண். செல் வளர்ப்பைக் கெடுக்கும் மைக்கோபிளாஸ்மா பாக்டீரியா இருக்கிறதா என்று சோதித்தேன், இல்லை. ஊடகத்தில் சேர்க்கும் இரத்தச் சீரத்தை மாற்றியும் பயனில்லை. இறந்த செல்களில் மட்டும் ஏறும் டிரிப்பன் நீலச் சாயம் இட்டால், மிதந்தவற்றில் பெரும்பாலானவை சாயமே ஏற்கவில்லை, உயிரோடுதான் இருந்தன!

அப்புறம்தான் கவனித்தேன்: உரிந்தவை எப்போதும் வரிசையில் கடைசித் தட்டுகள். மேசையில் காத்திருந்து ஆறிப்போனவை. இந்தச் செல்களுக்கு இயல்பிலேயே பிடிப்பு குறைவு, குளிர்ந்தால் விட்டுவிடும். இப்போது ஊடகத்தை 37 டிகிரிக்குச் சூடாக்கி, இன்குபேட்டரிலிருந்து இரண்டிரண்டு தட்டுகளாக மட்டும் எடுத்து, சுவரோரமாக மெல்ல ஊற்றுகிறேன். ஒன்றும் உரியவில்லை. செல்கள் ஒட்டிக்கொள்ளத் தட்டில் பூச அவசரத்தில் வாங்கிய பாலி-டி-லைசின் பிரிக்கப்படாமல் கிடக்கிறது.