பிளானர்களுக்கு புரோட்டோடைப் (சாஃப்ட்வேரோட மாதிரி) பண்றவங்களுக்கு ஒரு டிப்ஸ்

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் லேஅவுட் (மனைப்பிரிவு) போடுற பிளானர்களுக்கு சாஃப்ட்வேர் டிசைன் பண்றீங்கன்னா, ஃபிக்மாங்கிற டிசைன் டூல்ல சதுர சதுரமா டம்மி பிளாட் போடாம, எஃப்எம்பில (சர்வே புல வரைபடம்) வர்ற மாதிரி கோணல்மாணலான ஒரு புலத்தை 112/2ஏ1ன்னு உட்பிரிவோட வச்சு காட்டுங்க, அப்பதான் வாயத் திறந்து குறையே சொல்வாங்க. பட்டால ஹெக்டேர்-ஏர்ஸ், பேச்சுல சென்ட், அதனால பரப்பளவத் தொட்டா ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு மாறணும் (1 ஏர் = 2.47 சென்ட்).

லேஅவுட் 10,000 சதுர மீட்டருக்கு மேல போனா ரோடு போக மீதியில 10% ஓஎஸ்ஆர் (பொதுவுக்கான திறந்தவெளி) விடணும்ல, ரோடு அகலத்த 7.2லேர்ந்து 9 மீட்டர் ஆக்கினதும் ஓஎஸ்ஆரும் மனை எண்ணிக்கையும் கூடவே மாறுறதக் காட்டுங்க. கோடிங்லாம் வேணாம், மாத்துறதுக்கு முன்னாடி ஒரு ஃப்ரேம் (ஸ்க்ரீன்), மாத்தின பின்னாடி ஒரு ஃப்ரேம், ரெண்டையும் லிங்க் பண்ணா போதும். மவுஸ அவங்க கையில குடுத்துட்டு நீங்க சும்மா உக்காருங்க, விளக்கம் சொல்ல ஆரம்பிச்சீங்கன்னா மரியாதைக்கு தலையாட்டிட்டுப் போயிடுவாங்க. கலர், ஐகான்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.