புளியங்கொட்டையும் மொச்சையும் வைத்து பித்தளைக்குள் எட்டிப் பார்ப்போம்

மாசி பிறந்தால் எங்கள் வேலூர்ப் பக்கம் திண்ணைகளில் புளி உடைக்க உட்கார்ந்துவிடுவார்கள். அந்தக் கொட்டைகளில் 13 எடுத்து வையுங்கள். வெள்ளை மொச்சை 12 வேண்டும். கோலமாவும் வேண்டும்.

முதலில் வாசலில் 5-க்கு 5 நேர்ப்புள்ளி வையுங்கள். மூலைப் புள்ளியில் புளியங்கொட்டை, அடுத்ததில் மொச்சை என்று மாற்றி மாற்றி நிரப்புங்கள். ஒவ்வொரு கொட்டைக்கும் பக்கத்தில் இருப்பது மொச்சை மட்டுமே. செம்பும் துத்தநாகமும் ஏறக்குறைய பாதிப் பாதி கலந்த பீட்டா பித்தளை, சூடு குறைந்திருக்கும்போது இப்படித்தான் ஒழுங்காக இருக்கும்: கொட்டை ஓர் உலோகத்தின் அணு, மொச்சை மற்றதன் அணு. (நாம் புழங்கும் பாத்திரப் பித்தளையில் பெரும்பாலும் துத்தநாகம் குறைவு, அது வேறு அமைப்பு.) ஏறக்குறைய 460 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் யார் எங்கே என்ற கணக்கே கலைந்துவிடும்.

அடுத்து, நட்டநடுக் கொட்டையை எடுத்துவிடுங்கள். அதுதான் காலியிடம். உருகும் சூட்டை நெருங்கினால்கூட சாதாரண உலோகத்தில் 10,000 இடத்துக்கு ஒருசிலதான் இப்படிக் காலியாக இருக்கும். ஆனால் அந்த ஒருசில இல்லாவிட்டால் அணுக்கள் நகர வழியே இல்லை. திடப்பொருளில் விரவல், அதாவது அணுக்கள் இடம் மாறிப் பரவுவது, பெரும்பாலும் இவற்றை நம்பித்தான் நடக்கிறது.

இனி நகர்த்தலாம். ஒரே விதி: காலியிடத்தை ஒட்டியிருப்பது மட்டுமே அதற்குள் வரலாம்.

வலப்பக்க மொச்சையை இடப்பக்கம் தள்ளுங்கள். கொட்டை இருக்கவேண்டிய இடத்தில் மொச்சை வந்துவிட்டது. அதற்குப் பிடித்த அண்டை கொட்டைதான். இப்போதோ சுற்றிலும் மொச்சை. இந்தத் தப்பான இருப்புக்கு ஆற்றல் செலவாகும். அதனால் நிஜ அணு பெரும்பாலும் வந்த வழியே திரும்பிவிடும், நகர்ந்த கணக்கே வராது.

பக்கத்து வீட்டு பிளஸ் டூ பெண் இந்த இடத்தில் நிறுத்தினாள். "அக்கா, அப்போ ஒழுங்கா இருந்தா நகரவே முடியாதா?" முடியும், ஆனால் சுற்றி வரவேண்டும். அவள் கையாலேயே செய்யவைத்தேன்: காலியிடத்தைக் கீழே, இடம், மேலே, வலம், கீழே என்று நான்கு புள்ளிச் சின்னச் சதுரத்தைச் சுற்றவிட்டாள். முதல் தள்ளலோடு சேர்த்து மொத்தம் 6. மூன்றாவதில் மூன்று விதைகள் தப்பான இடத்தில் நின்றன. பிறகு இரண்டு, ஒன்று. ஆறாவதில் எல்லாம் சரியாகிவிட்டது! இரண்டு மொச்சைகள் தங்களுக்குள் இடம் மாறியிருக்க, காலியிடம் அந்தச் சின்னச் சதுரத்தின் குறுக்கே எதிர்மூலைக்குப் போயிருந்தது. இதை ஆறு தாவல் சுற்று என்பார்கள். அணுக்கள் இப்படியும் போகலாம் என்பது அறிஞர்கள் சொன்ன வழிகளில் ஒன்று. எனக்கு இதில் மிகப் பிடித்த இடம் அந்த ஆறாவது தாவல்தான்.

பிறகு விதைகளைக் கலைத்துப்போட்டு ஆடிப் பாருங்கள். தப்பான இடம் என்று ஒன்று இல்லாததால் எந்தத் தாவலையும் திருத்த வேண்டியதில்லை. ஒழுங்கில் இன்னொரு தடையும் உண்டு: பிடித்த அண்டைகளிடமிருந்து ஓர் அணுவைப் பிடுங்குவதே கடினம், அதனால் காலியிடமும் குறையும். 1956-ல் பீட்டா பித்தளைப் படிகத்தில் கதிரியக்க அணுக்களை விட்டு அளந்தபோது, ஒழுங்கு வந்ததும் விரவல் வெறும் குளிர்ச்சியால் குறைவதைவிட வேகமாகக் குறைந்தது.

எல்லா ஒழுங்கும் காலியிடத்தைக் குறைக்கும் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். மறுபடி ஒழுங்காக அடுக்கி, இன்னும் 3 புளியங்கொட்டையை எடுங்கள். அங்கே மொச்சை வைக்காமல் காலியாகவே விடுங்கள். அலுமினியம் பாதிக்கு மேல் சேர்ந்த நிக்கல் அலுமினியக் கலவையில் நிக்கலின் இடங்கள் இப்படித்தான் காலியாகக் கிடக்கின்றன. ஆறவைத்தாலும் அவை மூடுவதில்லை.