கானாவுக்கு முதல் பயணமா? இந்த வரிசையில் தயாராகுங்கள்

மேற்கு ஆப்பிரிக்காவை முதன்முதலாகப் பார்க்க நினைப்பவர்களுக்கு நான் கானாவைத்தான் சொல்வேன். ஆங்கிலம் ஆட்சிமொழி, தேர்தல் வழியாக அமைதியாக ஆட்சி மாறும் நாடு, பழக எளிதான மக்கள். கிளம்புகிறவர்கள் எல்லோரும் முதலில் திருட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கொசு, இரவுநேரச் சாலை, கடல் இந்த மூன்றையும் பற்றி அதைவிட அதிகமாகக் கவலைப்பட வேண்டும்.

படி 1: ஊசியும் மாத்திரையும்

டிக்கெட்டுக்கு முன்பே இதை முடியுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் கானாவுக்குள் நுழைய முடியாது. ஊசி போட்ட 10 நாட்களுக்குப் பிறகுதான் சான்றிதழ் செல்லும். அப்புறம் ஆயுள் முழுக்கச் செல்லும். எல்லா மருத்துவமனைகளிலும் போட மாட்டார்கள், அரசு அங்கீகரித்த மையத்துக்குத்தான் போக வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அப்படி ஒன்று. 60 வயது தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் முதலில் மருத்துவரிடம் பேசுங்கள்.

மலேரியா வராமல் தடுக்க மாத்திரை உண்டு. கானா முழுவதும், தலைநகர் அக்ராவிலும்கூட, மலேரியா இருக்கிறது. நம் ஊரில் கேள்விப்பட்ட குளோரோகுயின் அங்கே உதவாது. மருத்துவர் டாக்சிசைக்ளின் கொடுத்தால், ஊர் திரும்பிய பிறகும் 4 வாரம் சாப்பிட வேண்டும். பாதியில் விடுகிறவர்கள்தான் அதிகம், தயவுசெய்து விடாதீர்கள். கொசுவிரட்டிக் களிம்பும் மாலையில் முழுக்கைச் சட்டையும் கூடவே வேண்டும்.

படி 2: விசா, பணம், பிளக்

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா தேவை. புது டெல்லியில் கானா தூதரகம் இருக்கிறது. அந்நாட்டு நாணயத்தின் பெயர் 'செடி' (cedi). மின்சாரம் 230 வோல்ட். பிளக் சிங்கப்பூர், மலேசியாவில் உள்ள அதே சதுர முனை வகை, அதனால் இந்தியாவிலிருந்து போகிறவர்கள் அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

ராணுவ உடை போன்ற புள்ளி போட்ட துணியைப் பெட்டியில் வைக்காதீர்கள். அங்கே பொதுமக்கள் அதை அணியச் சட்டம் அனுமதிப்பதில்லை. தன்பாலின உறவும் அங்கே சட்டப்படி குற்றம், இதையும் தெரிந்துகொண்டே போங்கள்.

படி 3: ஊருக்குள் நடமாட்டம்

பகலில் ஷேர் வேன்கள் ஓடும், பெயர் 'ட்ரோட்ரோ'. மலிவு, ஊரைப் புரிந்துகொள்ள நல்ல வழி. ஆனால் வண்டிகள் பழையவை. டாக்சியில் மீட்டர் கிடையாது, ஏறும் முன் பேசிவிடுங்கள். ஊர் விட்டு ஊர் போவதென்றால் விடியற்காலையில் கிளம்பி வெளிச்சத்திலேயே போய்ச் சேருங்கள். விளக்கில்லாத சாலை, வழியில் பழுதாகி நிற்கும் லாரி, வேகம் எல்லாம் சேர்ந்து இரவுப் பயணத்தை ஆபத்தாக்குகின்றன. சாலையைக் கடக்கும்போது முதலில் இடப்பக்கம் பாருங்கள், அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடும்.

கடற்கரைகள் அழகு, ஆனால் கடல்நீரின் இழுப்பு பலமானது. உள்ளூர் ஆட்கள் இறங்காத இடத்தில் நீங்களும் இறங்காதீர்கள்.

தங்கம் மலிவாகத் தருகிறேன் என்று யாராவது நெருங்கினால் பேச்சை அங்கேயே முடியுங்கள். கானா தங்கம் விளையும் நாடு என்பதை வைத்தே இந்த மோசடி ஓடுகிறது. இணையத்தில் பழகி வரவழைத்து ஏமாற்றுவதும் நடக்கிறது.

படி 4: எங்கே போவது

அக்ராவிலிருந்து மேற்கே கேப் கோஸ்ட், எல்மினா என்ற இரண்டு கடலோர ஊர்கள், இரண்டிலும் பழைய கோட்டைகள் உண்டு. எல்மினா கோட்டையைப் போர்ச்சுகீசியர் 1482-ல் கட்டத் தொடங்கினார்கள். பின்னாளில் இவ்விரு கோட்டைகளின் இருட்டறைகளில் அடைத்து வைக்கப்பட்ட மக்கள் அடிமைகளாகக் கப்பல் ஏற்றப்பட்டார்கள். அவர்களின் சந்ததியினர் அமெரிக்காவிலிருந்தும் கரீபியனிலிருந்தும் வந்து அந்த அறைகளில் நின்று அழுகிறார்கள். உள்ளே செல்ஃபி வேண்டாம். வழிகாட்டியோடு போங்கள், அவசரமாகச் சுற்றி முடிக்காதீர்கள். அருகிலேயே ககூம் காட்டில் மரங்களுக்கு மேலே தொங்குபாலத்தில் நடக்கலாம்.

வடக்கே மோலே தேசியப் பூங்காவில் யானைகள் உண்டு. ஆனால் வடகிழக்கில் பாவ்கு (Bawku) நகரையும் புர்க்கினா பாசோ எல்லையையும் தவிர்த்துவிடுங்கள். அங்கே மோதல் ஓயவில்லை.

படி 5: சாப்பாடு

அரிசியும் பயறும் சேர்ந்த 'வாச்சே' நமக்கு எளிதில் பிடித்துவிடும். சைவர்கள் 'ஷிட்டோ' என்ற கறுப்பு மிளகாய்ச் சாந்தைத் தவிர்க்கவும், அதில் கருவாடும் இறாலும் இருக்கும். சூடாக வருவதைச் சாப்பிட்டு, மூடி உடையாத பாட்டில் தண்ணீர் குடியுங்கள். வலது கையால் கொடுத்து வாங்குவது அங்கேயும் மரியாதை.

படி 6: திரும்பும்போது

தடுப்பூசிச் சான்றிதழைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். அது இல்லாவிட்டால் இந்திய விமான நிலையத்தில் 6 நாட்கள் வரை தனிமைப்படுத்துவார்கள். அடுத்த சில மாதங்களில் காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரைப் பார்த்து, கானா போய்வந்ததைச் சொல்லி, மலேரியா பரிசோதனை கேளுங்கள்.