பழைய அமெரிக்க வெள்ளி டாலரை இனங்காண்பதும் விலை மதிப்பதும்

காவிரிக் கழிமுகத்தில், குறிப்பாக நாகப்பட்டினம், காரைக்கால், மன்னார்குடி பக்கத்துப் பழைய வீடுகளில் பாகப்பிரிவினை நடக்கும்போது, ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த ரூபாய்களுக்கு நடுவே அவற்றைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் கனக்கும் வெள்ளிக் காசு ஒன்றிரண்டு தென்படுவதுண்டு. ரஜுலா போன்ற கப்பல்களில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போனவர்கள் கொண்டு வந்தவையாக அவை இருக்கலாம்; அண்மையில் யாரோ சுற்றுலா சென்ற இடத்தில் வாங்கிய போலியாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும், ஆண்டையும் அதிலுள்ள சிறு எழுத்தையும் படித்தறியும் முன் அதைப் பத்தரிடம் எடைக்குப் போடக் கூடாது. உருக்கிய பிறகு அது என்னவாக இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

முதலில் அது அமெரிக்க நாணயம்தானா என்று பாருங்கள். மலாயாவிலிருந்து வந்த காசு பெரும்பாலும் அமெரிக்காவினுடையதாக இராது. கையில் சூலமும் கேடயமும் ஏந்திய பெண் நின்றிருக்க, மறுபக்கம் சீன எழுத்தும் ஜாவி எழுத்தும் (மலாய் மொழியை எழுதும் அரபு வடிவ எழுத்து) இருந்தால், அது 1895 முதல் ஆசிய வணிகத்துக்காகப் பெரும்பாலும் பம்பாய், கல்கத்தா அக்கசாலைகளில் அடிக்கப்பட்ட பிரிட்டிஷ் வணிக டாலர். கழுகு பாம்பைக் கவ்வியிருந்தால் அது மெக்சிகோவினுடையது. இவற்றுக்கும் மதிப்பு உண்டு என்றாலும், இங்கே சொல்லும் ஆண்டுக் கணக்கு இவற்றுக்குப் பொருந்தாது.

அமெரிக்க டாலர்களில் அதிகம் கிடைப்பவை இரண்டு. 1878 முதல் 1904 வரையிலும், மீண்டும் 1921-இலும் வெளிவந்தது மோர்கன் டாலர். இடப்புறம் நோக்கிய சுதந்திர தேவியின் பெரிய தலையும், பின்புறம் சிறகு விரித்த கழுகும் கொண்டது. 1921 முதல் 1928 வரையிலும், பிறகு 1934, 1935 ஆகிய ஆண்டுகளிலும் வெளிவந்தது பீஸ் டாலர். கதிர் முடி சூடிய தலையும், பாறைமேல் அமர்ந்த கழுகும் கொண்டது. 1971 முதல் 1978 வரை வந்த ஐசனோவர் டாலர் இதே அளவில் இருந்தாலும், சேகரிப்பாளர்களுக்கென அடித்த 40 விழுக்காடு வெள்ளிக் காசுகளைத் தவிர மற்றவற்றில் வெள்ளியே கிடையாது; விளிம்பில் ஓடும் செம்புக் கோடே அதைக் காட்டிவிடும். 1873-இல் தொடங்கிய அமெரிக்க வணிக டாலர் கையில் கிடைத்தால் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். அதன் போலிகள் ஆசியா முழுவதும் மலிந்து கிடக்கின்றன.

மோர்கனும் பீஸும் 26.73 கிராம் எடையும் 38.1 மில்லிமீட்டர் விட்டமும் உடையவை. 90 விழுக்காடு வெள்ளி, மீதி செம்பு. நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். தேய்மானத்தால் எடை சிறிது குறையலாமே தவிர அதிகமாக இருக்காது. காந்தத்தில் ஒட்டினால் போலி. ஒட்டாததால் மட்டும் அது உண்மையாகிவிடாது, ஏனெனில் பித்தளையும் ஒட்டாது. இதைவிட நம்பகமானது நீர்ச் சோதனை. வழியாத அளவுக்குத் தண்ணீர் ஊற்றிய டம்ளரைத் தராசில் வைத்து அளவைப் பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு ஏறத்தாழ 2.58 கிராம் காட்ட வேண்டும். காசின் எடையை இந்த எண்ணால் வகுத்தால் 10.3-ஐ ஒட்டி வரும். 9-க்குக் கீழே வந்தால் அது இந்த வெள்ளி அல்ல.

அடுத்தது, விலையையே மாற்றிவிடும் சிறு எழுத்து. காசு எந்த ஊர் அக்கசாலையில் அடிக்கப்பட்டது என்பதைக் காட்டும் ஆங்கில எழுத்து அது. மோர்கனில் பின்புறம் கழுகுக்குக் கீழே இலை வளையத்தின் முடிச்சடியிலும், பீஸில் பின்புறம் ‘ஒன்’ (ONE) என்ற சொல்லுக்குக் கீழும் அதை உருப்பெருக்கியால் தேடுங்கள். எஸ் என்றால் சான் பிரான்சிஸ்கோ, ஓ என்றால் நியூ ஆர்லியன்ஸ், டி என்றால் டென்வர், இரட்டை சி என்றால் நெவாடாவின் கார்சன் சிட்டி; எழுத்தே இல்லையென்றால் பிலடெல்பியா. 1921-ஆம் ஆண்டு மோர்கன் 8 கோடிக்கும் மேல் அடிக்கப்பட்டதால் மிகச் சாதாரணமானது. 1893-ஆம் ஆண்டு எஸ் காசோ ஒரு லட்சம்தான் அடிக்கப்பட்டது. அதனால்தான் வேறு 1893 காசில் எஸ் எழுத்தை ஒட்டி ஏமாற்றுகிறார்கள்; எழுத்தின் அடிப்பகுதி காசின் பரப்போடு இயல்பாக இணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பீஸ் வகையில் 1928-ஆம் ஆண்டின் எழுத்தில்லாத காசு அரியது.

எத்தனை அடித்தார்கள் என்ற பட்டியலை மட்டும் நம்பிவிடக் கூடாது. முதல் உலகப் போரின்போது இந்தியாவில் வெள்ளி ரூபாய்க்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டதால், அமெரிக்கா 1918-இல் பிட்மன் சட்டத்தை இயற்றி, 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கி, அதில் ஏறத்தாழ 25 கோடியே 90 லட்சம் டாலர்களின் வெள்ளியை இந்தியாவுக்காக பிரிட்டனுக்கு விற்றது. நம் வீட்டுப் பெட்டியிலுள்ள 1918, 1919-ஆம் ஆண்டு ரூபாய்களில் மோர்கன் டாலரின் வெள்ளி கலந்திருக்கக்கூடும் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி. எந்த ஆண்டுக் காசு எவ்வளவு உருகிப்போயிற்று என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. மாறாக, மிக அரியதென்று கருதப்பட்ட 1903-ஆம் ஆண்டு ஓ காசு, 1962-இல் கருவூலத்திலிருந்து மூட்டை மூட்டையாக வெளிவந்து விலை சரிந்தது. ஆகவே இன்றைய ஏல விலைகளைப் பார்த்தே மதிப்பிட வேண்டும்.

வெள்ளியைக் கண்டால் விபூதியோ புளியோ போட்டுத் தேய்ப்பது நம் வீடுகளில் பழக்கம். குத்துவிளக்குக்கும் கிண்ணத்துக்கும் அது நல்லது, நாணயத்துக்குக் கேடு. கறுத்த நிறம் இயல்பானது, சேகரிப்பவர்கள் அதை விரும்பி ஏற்பார்கள். தேய்த்த கீறல்களை ஏற்க மாட்டார்கள். மாலையில் கோக்க வளையம் பற்றவைத்த காசும் பெரும்பாலும் வெள்ளி விலைக்கே போகும். தேய்மானத்தை அறிய, மோர்கனில் காதுக்கு மேலுள்ள முடியிழைகளையும் கழுகின் மார்பு இறகுகளையும் பாருங்கள். அவை தெளிவாக இருந்தால் தரம் உயர்வு. மழுங்கியிருந்தால் நெடுங்காலம் கைமாறிய காசு. கடலோர ஈரக் காற்றும் பிவிசி உறையும் காசைக் கெடுப்பதால் மைலார் என்னும் பாலியெஸ்டர் உறையில் வையுங்கள்.

ஒரு டாலரில் 24.06 கிராம் தூய வெள்ளி இருக்கிறது. கிராம் 100 ரூபாய் என்று வைத்தால் 2,406 ரூபாய்; அன்றைய விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். கடைக்காரர் பிடிக்கும் கழிவு போக, உண்மையான காசுக்கு இதுவே அடிமட்டம். ஆண்டும் எழுத்தும் தரமும் நன்றாக இருந்தால் மேற்கொண்டு கிடைப்பது சேகரிப்பு விலை. அதற்கு நாணயக் கண்காட்சிக்கு வரும் வணிகர்கள் இரண்டு மூன்று பேரிடம் தனித்தனியே கேளுங்கள்.

நூறாண்டு கடந்த நாணயம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள் என்பதால், தரச்சான்று வாங்குவதற்காகக்கூட அதைத் தபாலில் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. வீட்டுப் பெட்டியில் இல்லாமல், கடைக்கால் தோண்டும்போது மண்ணுக்குள் கிடைத்த காசாக இருந்தால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு முதலில் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். விலை பேசுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.