ஃப்ரேசல் வெர்ப் படிக்கிறீர்களா? முதலில் அந்தப் பட்டியலைத் தூக்கிப் போடுங்கள்

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்களின் நோட்டைப் புரட்டினால், ஒரு காலத்தில் நான் வைத்திருந்த நோட்டே திரும்பி வந்ததுபோல் இருக்கிறது. அதே ஃப்ரேசல் வெர்ப் பட்டியல் (வினையோடு ‘ஆஃப்’, ‘அவுட்’ போன்ற சின்னச் சொல் சேர்ந்து புதுப் பொருள் தருவதுதான் ஃப்ரேசல் வெர்ப்), அதே சிவப்பு மை அடிக்கோடு. ஸ்பெல்லிங், டென்ஸ் பற்றி இங்கே பேசவில்லை. அவை பழகப் பழகச் சரியாகிவிடும்.

ஒரே சொல்லை வைத்துப் பட்டியல் போடுவது

‘புட் ஆஃப், புட் அவுட், புட் அப், புட் டவுன், புட் அப் வித்’ என்று ஒரே பக்கத்தில் எழுதி, எதிரே தமிழ் அர்த்தம் போட்டு, ராத்திரி முழுக்க உருப்போடுகிறார்கள். மறுநாள் கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பார்கள். ஒரு வாரம் போகட்டும். எது தள்ளிப்போடுவது, எது அணைப்பது, எது சகித்துக்கொள்வது என்று எல்லாம் கலந்து கிடக்கும்.

என்னிடம் படித்த ஒரு பெண் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் இருந்தார். வெளிநாட்டு வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டிய டெமோ வியாழக்கிழமைக்குத் தள்ளிப்போனது. ‘புட் ஆஃப்’ என்று எழுத வேண்டியவர், ‘தி டெமோ ஹாஸ் பீன் கால்டு ஆஃப்’ என்று மட்டும் மெயில் போட்டுவிட்டார். ரத்து என்றே எடுத்துக்கொண்ட அவர்கள், வியாழக்கிழமையை வேறு வேலைக்குக் கொடுத்துவிட்டார்கள். விஷயம் மேனேஜர் வரை போய், மன்னிப்புக் கேட்டு, மறுபடி தேதி வாங்குவதற்குள் மாதம் கடந்துவிட்டது. அவரது நோட்டை வாங்கிப் பார்த்தேன். ‘ஆஃப்’ என்று தலைப்பிட்ட பக்கத்தில் இரண்டும் அடுத்தடுத்த வரி! அந்தப் பெண்ணுக்கு இங்கிலீஷ் தெரியாமல் இல்லை. படித்த முறைதான் காலை வாரிவிட்டது.

பொருளால் நெருங்கிய புதுச் சொற்களைச் சேர்த்துப் படித்தால் மனதில் பதியத் தாமதமாகிறது என்று ஆய்வாளர் தாமஸ் டிங்கம் 1993இலேயே சோதனை செய்து காட்டினார். இன்னமும் அதே வரிசையில் புத்தகம் போட்டு விற்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது, ஏனென்றால் அடி வாங்குவது படிக்கிற பிள்ளைகள்.

அத்தனையும் தேவையுமில்லை. பிரிட்டிஷ் இங்கிலீஷ் எழுத்தையும் பேச்சையும் திரட்டிவைத்த பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ் என்ற பெரிய தொகுப்பை அலசிய ஆய்வாளர்கள் கார்டனரும் டேவிஸும், அதில் வரும் ஃப்ரேசல் வெர்ப்களில் பாதிக்கு மேல் வெறும் 100க்குள் அடங்கிவிடுவதாக 2007இல் எழுதினார்கள். அந்த நூறிலிருந்து ஒன்றை எடுங்கள். டேங்க் நிரம்பி மோட்டாரை நிறுத்தும்போது ‘டர்ன் ஆஃப்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பல் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போட்டால் அன்றைக்கு ‘புட் ஆஃப்’. அது நாக்கில் நின்ற பிறகு, மழையால் மேட்ச் ரத்தாகும் ஒரு நாளில் ‘கால் ஆஃப்’ பக்கம் போகலாம்.

‘இட்’டைக் கடைசியில் வைப்பது

‘டர்ன் இட் ஆஃப்’தான். ‘டர்ன் ஆஃப் இட்’ கிடையாது. ஆனால் ‘லுக் ஆஃப்டர் ஹிம்’ பிரியாது, ‘லுக் ஹிம் ஆஃப்டர்’ என்று சொல்ல முடியாது. புதிதாக ஒன்றைக் குறித்துவைக்கும்போதே இதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

‘ஐ பாஸ்டு அவுட் இன் 2019’

நம் ஊரில் படிப்பை முடித்தேன் என்று புரியும். வெளிநாட்டுக்காரர் காதில் மயங்கி விழுந்தேன் என்று விழும். பிரிட்டிஷ் இங்கிலீஷில் ராணுவ, போலீஸ் பயிற்சி முடிப்பதற்கு இது உண்டு, கல்லூரிக்கு இல்லை. பயோடேட்டாவில் ‘கிராஜுவேட்டட்’ என்றே எழுதுங்கள்.

‘கோப் அப் வித்’

சமாளிப்பதற்கு ‘கோப் வித்’ போதும், ‘அப்’ வேண்டாம்.

மழை வந்தாலே ‘கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’

இது ஃப்ரேசல் வெர்ப் இல்லை, கனமழைக்குச் சொல்லும் மரபுத்தொடர். ‘இட்ஸ் ரெய்னிங் ஹெவிலி’ போதும்.

ஒன்றுக்கு ஒரே அர்த்தம் என்று நினைப்பது

அடிக்கடி வரும் 150 ஃப்ரேசல் வெர்ப்களுக்கு ஆய்வாளர்கள் கார்னியேயும் ஷ்மிட்டும் 2015இல் போட்ட பட்டியலில் 280 பொருள்கள் இருக்கின்றன. ‘பிக் அப்’பையே பாருங்கள். கீழே கிடப்பதை எடுப்பது, ஒருவரை வண்டியில் ஏற்றிக்கொள்வது, கேட்டுக் கேட்டே ஒரு மொழியைப் பழகுவது. மூன்றையும் ஒரே நாளில் எழுதாதீர்கள். சாயங்காலம் ஸ்கூலிலிருந்து பிள்ளையைக் கூட்டிவருவது உங்கள் வேலை என்றால், அந்தப் பொருளில் தொடங்குங்கள்.