‘ரன்’ என்றால் ஓடு மட்டும்தானா? பல அர்த்தச் சொற்களைப் பழக ஒரு வழி

ஆங்கிலம் புதிதாகப் படிக்கிறவர்களின் நோட்டில் ரன் என்றால் ஓடு, செட் என்றால் வை, டேக் என்றால் எடு என்று எதிரெதிரே ஒரு சொல்தான் எழுதியிருக்கும். அதை நம்பி ஆங்கிலப் பேப்பரைப் பிரித்தால், ஒருவர் கம்பெனியை ரன் பண்ணுகிறார், இன்னொருவர் தேர்தலில் ரன் பண்ணுகிறார், குழாயில் தண்ணீர் ரன் ஆகிறது. ஓடு என்ற ஒரே சாவியை வைத்துக்கொண்டு இத்தனை பூட்டையும் திறக்க முடியாது.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-இல் 20 தொகுதிகளாக வந்தபோது அதிக இடத்தைப் பிடித்த சொல் செட். 430-க்கும் மேல் அர்த்தம், அந்த ஒரு பதிவு மட்டுமே ஏறக்குறைய 60,000 சொற்கள். அப்புறம் திருத்தும் வேலை நடந்ததில் 2011-இல் ரன் முந்திவிட்டது, வினைச்சொல்லாக மட்டும் 645 அர்த்தம். அந்த ஒரு சொல்லைத் திருத்தி எழுத பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளருக்கு ஒன்பது மாதத்துக்கு மேல் ஆனது. ரயில், இயந்திரம், கம்ப்யூட்டர் என்று எது புதிதாக வந்தாலும் அதையும் ரன் ஆக வைத்துவிட்டார்கள், எண்ணிக்கை ஏறாமல் என்ன செய்யும். ஆனால் நமக்கு அன்றாடம் தேவைப்படுவது இதில் கொஞ்சம்தான், பயப்பட வேண்டாம்.

படி 1: முதலில் தமிழில் செய்து பாருங்கள்

ஒரு தாளில் ‘அடி’ என்று எழுதி, மதுரையில் ஒரு நாளில் காதில் விழுகிற அடிகளை எல்லாம் கீழே எழுதுங்கள். வெயில் அடிக்கிறது. வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறார்கள். அழகர்கோவிலில் பிள்ளைக்கு மொட்டை அடிக்கிறார்கள். போன் அடி, அரட்டை அடி, கண்ணடி, காப்பியடி, வாய்க்காலில் நீச்சல் அடி, பரிசு அடித்தது, சாக்கடை நாற்றம் அடிக்கிறது. இதில் எதற்காவது அகராதியைப் புரட்டினீர்களா? வெயிலோடு வந்தால் ஒன்று, மொட்டையோடு வந்தால் வேறு. கூட வருகிற சொல்லைப் பார்த்தே புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்திலும் அதையேதான் செய்யப்போகிறோம்.

படி 2: ஒரே சொல்லா, இரண்டு சொல்லா?

ஓடுகிற ஓடும் கூரை ஓடும் ஒன்றல்ல, எழுத்து மட்டும்தான் ஒன்று. ஆங்கிலத்தில் கிரிக்கெட் பேட்டும் வௌவாலைக் குறிக்கும் பேட்டும் அப்படித்தான். இவற்றுக்கு நடுவே உறவு தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அகராதி தனித்தனித் தலைப்பில் கொடுத்திருந்தால் தனிச்சொற்கள் என்று விட்டுவிடுங்கள்.

படி 3: ரன் ஆவது எது?

வாக்கியத்தைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான், பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

பஸ், ரயில் என்றால் போக்குவரத்து நடக்கிறது என்று அர்த்தம். மதுரையிலிருந்து போடிக்கு ரயில் ஓடுகிறது என்று நாமும் சொல்வதால் சிக்கல் இல்லை. சினிமா நூறு நாள் ஓடியது என்பதும் அப்படியே. ரோடு என்றால் கொஞ்சம் கவனம். வைகைக் கரையை ஒட்டி ரோடு ரன் ஆகிறது என்று ஆங்கிலத்தில் எழுதுவார்கள், நாமோ ரோடு ‘போகிறது’ என்போம்.

தண்ணீர் மாதிரி எதுவானாலும் வழிவது, ஒழுகுவது, பரவுவது. ஆறு ஓடும், ஆனால் மூக்கு நமக்கு ஒழுகத்தான் செய்யும். சாயத்துக்கும் இதே ரன்தான். புதுச் சுங்குடிச் சேலையை முதல்தடவை உப்புத் தண்ணீரில் தனியாக அலசுவார்கள் இல்லையா, தண்ணீர் சிவந்துபோய் பக்கத்தில் கிடந்த வெள்ளை வேட்டியிலும் ஏறிவிட்டால் ஆங்கிலத்தில் கலர் ரன் ஆகிவிட்டது. அதே சேலை நாலு வருடம் வெயிலில் காய்ந்து வெளுத்துப்போனால் அது ரன் இல்லை, ஃபேட். நாம் இரண்டுக்கும் சாயம் போச்சு என்றே சொல்லிவிடுவதால் இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுவார்கள். ஒரு சொல்லின் எல்லை எங்கே முடிகிறது என்று தெரிய அதன் பக்கத்துச் சொல்லையும் சேர்த்துப் படிக்கச் சொல்வது இதற்குத்தான்.

ஆள் தேர்தலில் ரன் பண்ணினால் போட்டியிடுகிறார். இது அமெரிக்க வழக்கு. பிரிட்டனில் ஸ்டேண்ட் என்பார்கள், நம்மூரிலும் வேட்பாளர் நிற்கத்தான் செய்கிறார். ஒரே வேலையை ஒரு நாட்டில் ஓடியும் இன்னொரு நாட்டில் நின்றும் செய்கிறார்கள், போகட்டும்.

படி 4: எதை ரன் பண்ணுகிறார்?

ரன் என்பதற்குப் பின்னால் ஒரு பொருள் நேராக வந்தால் பெரும்பாலும் நடத்துவது, இயக்குவது. மெஸ்ஸை ரன் பண்ணுகிறவர் கல்லாவை விட்டு அசையவே வேண்டாம். புரோகிராமை ரன் பண்ணினால் இயக்குகிறோம். சிவப்பு விளக்கை ரன் பண்ணினால், கோரிப்பாளையம் சிக்னலில் நிற்காமல் போய்விட்டீர்கள். காய்ச்சலை ரன் பண்ணினால் காய்ச்சல் அடிக்கிறது.

படி 5: வாலைப் பாருங்கள்

போட்டுக்கொள், போட்டுவிடு, போட்டுக்கொடு மூன்றிலும் ‘போடு’ ஒன்றுதான், ஆனால் வாத்தியாரிடம் போட்டுக்கொடுத்தவனை யாராவது சும்மா விடுவார்களா? ரன்னுக்குப் பின்னால் வரும் குட்டிச் சொற்களும் இந்த வேலையைத்தான் செய்கின்றன. ரன் அவுட் ஆஃப் என்றால் தீர்ந்துபோவது, சிலிண்டரில் கேஸ் தீர்ந்தாலும் சரி, பொறுமை தீர்ந்தாலும் சரி. கிரிக்கெட் ரன் அவுட்டை இதோடு குழப்பாதீர்கள், அங்கே ஆட்டக்காரர் அவுட். டவுன்ஹால் ரோட்டில் பழைய சிநேகிதரை ரன் இன்டு செய்தால் தற்செயலாகப் பார்த்தீர்கள். சுவரை ரன் இன்டு செய்தால் மோதிவிட்டீர்கள். வாலோடு சேர்த்து முழு வாக்கியமாக நோட்டில் எழுதுங்கள், தனியாக எழுதினால் நிற்காது.

படி 6: இதே கேள்விகளை ‘செட்’டுக்குக் கேளுங்கள்

எது செட் ஆகிறது? சூரியன் என்றால் மறைகிறது. தயிர் என்றால் உறைகிறது. ஜிகர்தண்டாவில் போடுகிற கடல்பாசியும் அப்படித்தான். எதை செட் பண்ணுகிறார்? அலாரம் என்றால் நேரம் குறித்து வைக்கிறார். பெயர்ச்சொல்லாக வந்தால் தொகுதி, செட் தோசை நமக்குத் தெரியாததா. ஆனால் ‘அவனுக்கும் எனக்கும் செட் ஆகாது’ என்பது நாமே உண்டாக்கிக்கொண்டது, அதை இங்கிலீஷ்காரரிடம் அப்படியே சொன்னால் முழிப்பார்.

படி 7: அகராதி

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. அந்தப் பெரிய ஆக்ஸ்ஃபோர்டு அகராதி அர்த்தங்களை வரலாற்று வரிசையில் அடுக்கும், பழையது முன்னால் வரும். தொடக்கநிலைக்காரர் அதில் இறங்கினால் இன்று யாரும் பேசாத அர்த்தத்தில் போய் நிற்பார். கற்பவர்களுக்கென்று போடுகிற அகராதிகளில் அதிகம் புழங்குகிற அர்த்தத்தை முன்னால் வைத்திருப்பார்கள், அதை எடுங்கள். நீங்களாக ஓர் அர்த்தத்தை ஊகித்து எழுதிய பிறகு சரிபார்க்க மட்டும் திறங்கள்.

ரன், செட் இரண்டும் கைக்கு வந்ததும் டேக் எடுங்கள். கெட் கடைசியில் இருக்கட்டும், அதற்கு வால்கள் ரொம்ப அதிகம்.