'கொண்டிரு' தெரிந்தால் கன்டினியூவஸ் டென்ஸ் வரும்

செங்கோட்டை, புளியரைப் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தமிழோடு மலையாளமும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஒரு செயல் நடந்துகொண்டிருப்பதைச் சொல்லும் ஆங்கிலத்தின் கன்டினியூவஸ் டென்ஸுக்கு இரண்டுமே உதவும்.

முதலில் "போய்க்கொண்டிருக்கிறான்" என்பதைப் பிரியுங்கள்: போய், கொண்டு, இருக்கிறான். கடைசியில் வரும் அந்த 'இரு'தான் ஆங்கிலத்தில் ஆம், ஈஸ், ஆர். அங்கே அது வினைக்கு முன்னால் தனிச்சொல்லாக நிற்கும்: ஹீ ஈஸ் கோயிங். பலர் விட்டுவிடுவது இதைத்தான். "ஹீ கோயிங்" என்றால் "அவன் போய்க்கொண்டு" என்று பாதியில் நிறுத்தியது போல.

அடுத்து, ஆளுக்கு ஏற்ப மாறுவது எது? ஐ என்றால் ஆம். ஹீ, ஷீ, இட் என்றால் ஈஸ். யூ, வீ, தே என்றால் ஆர். இந்தத் துண்டு, இருக்கிறேன், இருக்கிறான், இருக்கிறார்கள் என்று மாறும் தமிழ் போல. கோயிங் மாறவே மாறாது. ஞான் போகுந்நு, அவள் போகுந்நு என்று எல்லோருக்கும் ஒரே வடிவம் வைக்கும் மலையாளம் போல.

மூன்றாவது, 'கோ'வைக் கோயிங் ஆக்குவது போல, வினையின் கடைசியில் ஐஎன்ஜி சேர்ப்பது. மேக் போல் கடைசியில் ஓசையில்லாத 'ஈ' எழுத்து இருந்தால் அதை நீக்கிவிட்டுச் சேர்க்க வேண்டும். 'சீ' (பார்) என்பதில் இரண்டு 'ஈ'யும் அப்படியே நிற்கும். ரன், சிட் போல் ஒற்றை உயிரெழுத்தும் ஒற்றை மெய்யெழுத்துமாக முடியும் சிறு சொற்களில் கடைசி எழுத்து இரட்டிக்கும். ரெயினில் உயிரெழுத்து இரண்டு, ஆகவே இரட்டிக்காது. பிகின் என்பதில் அழுத்தம் பின்பகுதியில் விழுவதால் இரட்டிக்கும். ஓப்பனில் முன்பகுதியில் விழுவதால் இல்லை.

காலத்தை மாற்ற 'இரு'வை மட்டும் மாற்றினால் போதும். இருந்தேனுக்கு வாஸ், இருந்தார்களுக்கு வேர், இருப்பேனுக்கு வில் பி. "ஸ்டேஷனுக்குப் போய்க்கொண்டிருந்தபோது மழை தொடங்கியது" என்பதில் நீண்டு நடந்ததற்கே ஐஎன்ஜி: ஐ வாஸ் கோயிங் டு த ஸ்டேஷன் வென் இட் ஸ்டார்ட்டட் டு ரெயின்.

கேள்விக்கு 'இரு'வை முன்னால் கொண்டுவாருங்கள்: ஈஸ் ஹீ கோயிங்? மறுப்புக்கு அதன் பின்னால் நாட்.

இனி, தமிழே நம்மை ஏமாற்றும் மூன்று இடங்கள். இங்கே நிதானம் வேண்டும்.

"காலையிலிருந்து மழை பெய்கிறது" என்பதை அப்படியே மாற்றி "இட் ஈஸ் ரெயினிங் சின்ஸ் மார்னிங்" என்று எழுதுவது தவறு. முன்பே தொடங்கி இன்னும் நீள்வதற்கு ஹாஸ் பீன், ஹேவ் பீன் வேண்டும்: இட் ஹாஸ் பீன் ரெயினிங் சின்ஸ் மார்னிங். தொடங்கிய நேரத்துக்கு சின்ஸ். இரண்டு மணி நேரமாக என்றால் ஃபார் டூ அவர்ஸ்.

"உட்கார்ந்திருக்கிறான்" என்பதில் 'கொண்டு' இல்லை, ஆனாலும் ஆங்கிலத்தில் ஹீ ஈஸ் சிட்டிங். நிற்பதும் படுத்திருப்பதும் இப்படியே. ஆனால் "வந்திருக்கிறான்" என்பது ஹீ ஹாஸ் கம்.

மூன்றாவதுதான் அதிகம் பேர் வழுக்கும் இடம்: "ஐ ஆம் நோயிங்", "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்". தமிழில் சொல்லிப் பாருங்கள். எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு வேண்டும், எனக்குப் புரிகிறது, எனக்கு இரண்டு தம்பிகள். 'நான்' வராமல் 'எனக்கு' வருகிறதா? அப்படியானால் பெரும்பாலும் ஐஎன்ஜி வேண்டாம்: ஐ நோ, ஐ ஹேவ் டூ பிரதர்ஸ். இந்தச் சோதனைக்குச் சிக்காத ஒன்று 'நம்புகிறேன்'. அதற்கும் ஐ பிலீவ்தான். ஆனால் ஹேவ் என்பது சாப்பிடுவதைக் குறித்தால், ஐ ஆம் ஹேவிங் லஞ்ச் சரியே.